வலிக்காத பல்

அந்தச் சட்டைக் கம்பெனியில் அவளுக்கு லென்ஸ் அக்கா என்று பெயர். வைத்தவர்கள் தையல் பிரிவுக்காரர்கள். பாசத்தில் வைத்த பெயர் என்று யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். தைத்து, துவைத்து, இஸ்திரி போட்டு வரும் ஒவ்வொரு சட்டையையும் அவள் உள்ளும் புறமும் புரட்டி, காலர், கைப்பட்டி, பொத்தான் துளை, அடிமடிப்பு என்று விரலால் தடவிக்கொண்டே போவாள். விரல் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் விழும். அம்பு விழுந்த சட்டை தைத்தவர் மேசைக்கே திரும்பிப் போகும். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை, பதினோரு வருடம். அந்த விரலிடமிருந்து ஒரு நூல் பிசிறு தப்பித்ததாகச் சரித்திரம் இல்லை.

வீட்டுக்கு வந்தாலும் விரல் ஓயாது. மருந்து அட்டையின் தேதி, பால் பாக்கெட்டின் ஓரம், பள்ளிக்கூடத்திலிருந்து வரும் சீட்டின் பின்பக்கம், எல்லாம் பார்க்கப்படும். பத்து வயது மகளுக்கு இதில் சலிப்பு.

"பின்னாடி ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லங்கிறதையும் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தாள். யாராவது இரண்டு வார்த்தை கனிவாகப் பேசிவிட்டால் போதும், இவர் யார் ஆள் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவாள். பிறவிக் குணம் என்று சக தொழிலாளிகள் சொல்லிக்கொண்டார்கள். பிறவிக் குணமெல்லாம் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவளிடம் குடும்பக் கதை முழுவதையும் சொல்லிவிட்டு இறங்குகிற பெண்ணாகத்தான் அவள் இருந்தாள். சந்தேகம் அவளுக்குப் பின்னால் கற்றுக்கொடுக்கப்பட்டது. கற்றுக்கொடுத்தவர் அவளுடைய வீட்டுக்காரர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட்டுகள் அவர் பொறுப்பில்தான் ஏறி இறங்கின. காவலாளி முதல் கட்டட உரிமையாளர் வரை எல்லோருக்கும் அவரைத் தெரியும், எல்லோருக்கும் பிடிக்கும். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட கிழவியிடம் வெளியே நின்று ஒரு மணி நேரம் ஆறுதல் பேசியவர் என்று அவரைப் பற்றி ஒரு கதையே உலவியது. அந்தக் கதை உண்மை. வீட்டுக்குள் அவர் கை எங்கே விழும் என்பதும் உண்மை: சட்டைக் கை மறைக்கிற இடத்தில், முதுகில், தலைமுடிக்குள். பிசிறு வெளியே தெரியாமல் வேலை செய்யத் தெரிந்த மனிதர்.

அடியைவிட அவளை அதிகமாக ஒடுக்கியது வேறொன்று. அவள் யாரிடம் எதைச் சொன்னாலும் அது அவரிடம் வந்து சேர்ந்துவிடும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் மத்தியானம் அவள் வெளியூரில் இருக்கும் தன் அக்காவிடம் போனில் அழுதாள். "அடி தாங்க முடியலக்கா. பாப்பாவைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கே வந்துடலாமான்னு இருக்கு" என்றாள். அக்கா, "கேக்கவே வேணாம், கிளம்பி வா" என்றாள். மறுநாள் சாயங்காலம் அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே, குரலை உயர்த்தாமல், "பாப்பாவைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கே வந்துடலாமான்னு இருக்கா?" என்றார். வார்த்தை மாறவில்லை. "உங்க அக்காதான் போன் பண்ணினா. அவளுக்கு இருக்கிற தொல்லையில நீ வேறயான்னு கேக்கிறா" என்றார். அதற்குப் பிறகு நடந்ததில் அவள் தோள்பட்டை முறுக்கிக்கொண்டது. வாயைக் கொப்பளித்தபோது தண்ணீர் சிவப்பாகப் போனது.

தோள் ஒரு மாதத்தில் சரியானது. அக்கா போனது போனதுதான். வருடத்துக்கு இரண்டு முறை, பிள்ளைகள் சௌக்கியமா, மழை உண்டா என்று பேசி வைத்துவிடுவதோடு சரி. கூடப் பிறந்தவளே காட்டிக்கொடுத்தால் ஊரில் யாரை நம்புவது. அவள் யாரையும் நம்பவில்லை.

ஆனால் கிளம்ப வேண்டும் என்ற எண்ணம் மட்டும் உள்ளே இருந்துகொண்டே இருந்தது. சமீபமாக மகள் அப்பாவின் ஷூ சத்தம் கேட்டதும் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்து உட்காரப் பழகியிருந்தாள். பத்து வயதில் அந்த நிமிர்வு வரக்கூடாது. மகளோடு கிளம்ப வேண்டும். கிளம்பினால் ஒரு மனுஷியாவது தன் பக்கம் வேண்டும். அப்படி ஒருத்தியும் இல்லை. இதுதான் லென்ஸ் அக்காவின் நிலைமை.

கம்பெனிக் கழிப்பறைக் கதவின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கு உதவி மையம், கட்டணம் இல்லை, ரகசியம் காக்கப்படும். கீழே தொலைபேசி எண் எழுதிய துண்டுகள், கிழித்துக்கொள்ள வசதியாக. அவள் மூன்று மாதம் அந்தத் தாளை வேவு பார்த்தாள். எட்டுத் துண்டுகளில் மூன்று போயிருந்தன. யார் கிழித்தது? கிழிப்பதை யார் பார்க்கிறார்கள்? நிர்வாகமே ஒட்டியதோ? அவள் துண்டைக் கிழிக்கவில்லை. போன் செய்யவும் இல்லை. அவர் தினமும் அவள் போனில் யார் யார் எண் இருக்கிறது என்று வெளிப்படையாகவே பார்ப்பார். தாளில் இருந்த விலாசத்தை மட்டும் மனதில் எழுதிக்கொண்டாள்.

சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. மகளுக்கு நாலு மணி வரை ஓவிய வகுப்பு. கம்பெனி லாக்கரில் போனை அப்படியே விட்டுவிட்டு அவள் அந்த விலாசத்துக்குப் போனாள். டிரைவிங் ஸ்கூலுக்கு மேலே மூன்றாவது மாடி. லிஃப்ட்டில் ஏறிப் பொத்தானை அழுத்திய பிறகுதான் சுவரில் மாட்டியிருந்த பராமரிப்பு அட்டையைப் பார்த்தாள். மாதா மாதம் பத்தாம் தேதி, மாதா மாதம் ஒரே கையெழுத்து. அவருடையது. கதவு மூன்றாவது மாடியில் திறந்தது. அவள் இறங்கவில்லை. கீழே வந்து, வெயிலில் விறுவிறுவென்று நடந்து, இரண்டு தெரு தாண்டித்தான் மூச்சு விட்டாள்.

ஒரு வாரம் கொதித்தாள். அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போனாள், உதவி கேட்க அல்ல, சண்டை போட. இந்த முறை மாடிப்படி.

உள்ளே இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு பச்சைத் துணிப்பை. பைக்குச் சொந்தக்காரி ஐம்பதை நெருங்கும் ஆலோசகர். அவள் தன் பெயரைச் சொன்னாள்; நம் ஆள் காதில் வாங்கவில்லை. மனதுக்குள் பச்சைப்பைக்காரி என்று பெயர் வைத்துவிட்டாள்.

"உங்க லிஃப்ட்ல எங்க வீட்டுக்காரர் கையெழுத்து இருக்கு. நீங்க அவருக்கு வேண்டியவங்களா?"

சொன்ன பிறகுதான், தன் புருஷன் யார் என்று தானே சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். பயப்படாதீங்க, எங்களை நம்புங்க என்று அந்தப் பெண் தேனொழுகப் பேசுவாள், அத்தோடு எழுந்து போய்விடலாம் என்று காத்திருந்தாள்.

"எந்தத் தேதியில வர்றார்னு போட்டிருக்கு?" என்றாள் பச்சைப்பைக்காரி.

"பத்தாம் தேதி."

"அப்போ பத்தாம் தேதி நீங்க இங்க வர வேணாம். மத்த நாள்ல படியில வாங்க. அதுவும் பயமா இருந்தா, ஆஸ்பத்திரியில எங்களுக்கு ஒரு ரூம் இருக்கு, அங்க பாக்கலாம். இத்தனை நாளா நாங்க யாரும் அந்த அட்டையைப் பாக்கல. நீங்க பாத்தீங்க. நல்லது."

லென்ஸ் அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. சந்தேகப்பட்டதற்கு இதுவரை யாரும் நல்லது என்று சொன்னதில்லை. இதில் என்ன சூட்சுமம் என்று வழியெல்லாம் யோசித்தாள்.

அதற்கடுத்த வாரங்களில் அவள் அந்த மையத்தைச் சட்டை புரட்டுவது போல் புரட்டினாள். கொடுத்த படிவத்தின் பின்பக்கத்தை வாசித்தாள். என்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். பச்சைப்பைக்காரி கோப்பைத் திருப்பி அவள் பக்கம் வைத்தாள். அதில் அவள் சொன்னது மட்டும்தான் இருந்தது. வக்கீலம்மா வாரத்தில் ஒருநாள் வருவார் என்றார்கள், வந்தார். மருத்துவமனையில் காயத்தைக் குறித்து வைக்கலாம், வேண்டுமென்றால் மட்டும் என்றார்கள்; இரண்டு முறை வேண்டாம் என்றாள், யாரும் முகம் சுளிக்கவில்லை. மூன்றாம் முறை அவளே போய்க் குறித்துக்கொண்டாள். தங்குவதற்கு ஒரு இல்லம் இருக்கிறது, மூன்று மாதம் தங்கலாம், விலாசம் வெளியே யாருக்கும் தெரியாது என்றார்கள்.

ஒன்று மட்டும் அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இவ்வளவு சொல்கிறவர்கள், அந்த வீட்டை விட்டு வா என்று ஒருநாளும் சொல்லவில்லை.

"ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க? உங்களுக்கு என்ன வந்தது?"

"எப்போ கிளம்புறது ஆபத்து, எப்போ ஆபத்து குறைவுன்னு அந்த வீட்டுல இருக்கிற உங்களுக்குத்தான் தெரியும். நான் சொல்லி நீங்க கிளம்பினா, அவர் சொல்லுக்குப் பதிலா என் சொல்லுக்கு ஆடுறீங்க, அவ்வளவுதான். நான் ஒண்ணு கேக்கிறேன். மூணு மாசத்துக்கு அப்புறம் யார் இருக்கா?"

"யாரும் இல்ல."

"அக்கா?"

அவள் கதையைச் சொன்னாள். முடிந்ததும் பச்சைப்பைக்காரி, "அக்கா சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. கம்பெனியில ஒரு சட்டையில கறை வந்தா எங்கேர்ந்து வந்ததுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு லென்ஸ் அக்காவிடம் பதில் தயாராக இருந்தது. "ஒவ்வொரு லைனுக்கும் ஒரு கலர் நூல். உள்பக்கம் சின்னதா ஒரு முடிச்சு. திரும்பி வர்ற சட்டையில என்ன நூல் இருக்கோ அந்த லைன்."

"அப்போ எங்களையும் சேத்து எல்லாருக்கும் நூல் கட்டிப் பாருங்க. ஒண்ணே ஒண்ணு, அடி வராத பொய்யா பாத்துச் சொல்லுங்க."

அடி வராத பொய். பேருந்தில் வரும்போது அதை யோசித்துக்கொண்டே வந்தாள். அவள் வாழ்க்கையில் அடி வராத பேச்சு எது என்று பட்டியல் போட்டால் அது மிகவும் சின்னப் பட்டியல். கடைசியில் உடம்பு உபாதைகள் என்று முடிவு செய்தாள். ஆளுக்கு ஒரு நோய்.

மாடி வீட்டு அம்மாவிடம் துணி காயப்போடும்போது, "கண்ணு மங்குது" என்றாள். செக்கிங்காரிக்குக் கண் மங்கினால் வேலை போய்விடுமே என்று அந்த அம்மா நிஜமாகவே பதறினாள். உதவி மையத்தில் பச்சைப்பைக்காரியின் உதவியாளரிடம், "முதுகு பிடிச்சுக்கிச்சு" என்றாள். அக்காவுக்குப் போன் செய்து, பிள்ளைகள், மழை எல்லாம் விசாரித்துவிட்டு, "இடது பக்கம் கடைவாய்ப் பல் வலிக்குது" என்றாள். பல்வலியை எதற்காக அக்காவுக்கு ஒதுக்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

"ரொம்ப வலியா?" என்றாள் அக்கா.

"கொஞ்சம்."

"கிராம்புத் தைலம் வை. தள்ளிப் போடாதே" என்றாள். ஏதோ கேட்க வந்தவள் போல் நிறுத்தினாள். பிறகு இருவரும் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் அவர் ஷேவ் செய்துகொண்டே கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"இடது பக்கம் பல்லு வலிக்குதாமே?"

அவள் கையில் இருந்த கரண்டி நின்றது. "யார் சொன்னா?"

"வேற யாரு, உங்க அக்காதான். எதுக்கெடுத்தாலும் அழுதுக்கிட்டு போன் பண்றியாமே நீ" என்று சிரித்தார். நான்கு வருடத்துக்கு முன்பு அவர் முறுக்கிய தோள் வலிக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. வலிக்காத பல்லை விசாரிக்கிறார்.

அன்று செக்கிங் மேசையில் நல்ல சட்டைகளுக்கெல்லாம் அம்பு விழுந்தது. தையல் பிரிவில் ஏக முணுமுணுப்பு. சனிக்கிழமை அவள் பச்சைப்பைக்காரி முன்னால் உட்கார்ந்ததும், "நான் சொன்னேன்ல. அக்காதான். அவ்வளவுதான், விட்டுடுங்க" என்றாள். அழக்கூடாது என்று வந்தவள் அழுதுவிட்டாள். தன் சந்தேகம் சரி என்று தெரிந்ததில் அவளுக்குத் துளியும் சந்தோஷம் இல்லை.

பச்சைப்பைக்காரி தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "மாடி வீட்டம்மாகிட்ட நேர்ல சொன்னீங்க. எங்ககிட்ட நேர்ல. அக்காகிட்ட?" என்றாள்.

"போன்ல."

"சரி. தையல் லைன் நூல் இருக்கிற சட்டையில கறை இருந்தா, அது தையல்ல வந்த கறைதான்னு அடிச்சுச் சொல்வீங்களா?"

"அதெப்படி? நடுவுல இஸ்திரி மேசை இருக்கே. அங்கயும் வந்திருக்கலாம். இஸ்திரி மேசையை மட்டும் தொட்ட துணி ஒண்ணு விட்டுப் பாத்தாத்தான்…"

அவள் நிறுத்தினாள். கீழே டிரைவிங் ஸ்கூல் வண்டி ஒன்று பின்னால் எடுக்கத் தெரியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

அந்தப் போன் அவர் வாங்கிக் கொடுத்தது. தினமும் அதைச் சார்ஜ் போடுவதும் அவர்தான். "நீ மறந்துடுவே" என்று வாங்கிக் கொண்டுபோய்த் தன் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். எவ்வளவு அக்கறை பாரு என்று அவள் மாமியாரே ஒருமுறை மெச்சியிருக்கிறாள். யாருக்குப் பேசினாள் என்பதை அவர் பார்ப்பார், அது அவளுக்குத் தெரியும். என்ன பேசினாள் என்பது காற்றோடு போய்விடும் என்று நினைத்திருந்தாள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரம். செக்கிங் அறை காலி, எல்லோரும் கேன்டீனில். லாக்கரிலிருந்து தன் போனை எடுத்து வந்து, அதே அறையின் மேசைத் தொலைபேசி எண்ணை அழுத்தினாள். மேசைத் தொலைபேசி மணியடித்தது. இடது கையால் அவளே ரிசீவரை எடுத்துச் சட்டை அடுக்கின் மேல் படுக்க வைத்தாள். பிறகு தன் போனில் பேசினாள்.

"அக்கா, நான்தான். ரெண்டு நாளா வலது காதுல ஒரே இரைச்சல். இல்லக்கா, யார்கிட்டயும் சொல்லல. சரி, வெச்சுடறேன்."

கேட்டதெல்லாம் நாற்பத்திரண்டு சைஸ் வெள்ளைச் சட்டைகள் மட்டும். ரிசீவரை எடுத்து வைத்துவிட்டு, பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம் அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது அவர் சமையலறை வாசலில் வந்து சாய்ந்து நின்றார்.

"வலது காதுல இரைச்சலாமே."

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அவள் திரும்பவில்லை. "யாருங்க சொன்னது?"

"உன் கம்பெனியிலதான் ஒருத்தி. உன்கூடவே உக்காந்து வேலை செய்றவ. எனக்கு எல்லா இடத்துலயும் ஆள் இருக்கு, மறந்துடாதே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எவளையும் நம்பாதே. உன்னைப் பத்தி எவ்வளவு கேவலமா பேசறாங்கன்னு உனக்குத் தெரியாது" என்றார்.

அவள் ஒரு தட்டை மூன்று முறை கழுவினாள். காலியான அறையில் வெள்ளைச் சட்டைகளிடம் சொன்னதை எந்த ஒருத்தியும் இவரிடம் சொல்லியிருக்க முடியாது. அப்படியென்றால் அந்த ஒருத்தி கிடையாது; போனில் கம்பெனி எண்ணைப் பார்த்து அவரே உண்டாக்கியவள். மாடி வீட்டில் ஆள் கிடையாது, கம்பெனியில் ஆள் கிடையாது. அக்கா போன் பண்ணவே இல்லை. ஊர் முழுக்க அவருக்கு இருந்த ஆள் அந்த ஒரு போன்தான். நான்கு வருடமாகத் தன் அக்காவை ஒரு பொய்யிடம் தூக்கிக் கொடுத்துவிட்டோமே என்று அவளுக்கு நெஞ்சு வெந்தது.

"காதுல எண்ணெய் விட்டுப் பாக்கிறேன்" என்றாள்.

"ம்" என்று அவர் போய்விட்டார்.

சனிக்கிழமை அவள் முதல் முறையாகப் போனை லாக்கரில் விடாமல் மையத்துக்குக் கொண்டுபோகலாமா என்று யோசித்தாள். பச்சைப்பைக்காரி முன்பே சொல்லியிருந்தாள், அது போகிற இடத்தையும் சொல்லக்கூடும் என்று. விட்டுவிட்டே போனாள். மையத்தில் அதே மாதிரி வேறொரு போனை வைத்து, பேசுவது தானாகப் பதிவாகும் வசதி எங்கே இருக்கும் என்று காட்டினார்கள். திங்கட்கிழமை லாக்கர் முன்னால் நின்று தன்னுடையதில் பார்த்தாள். அவள் பேசிய ஒவ்வொரு பேச்சும் தேதி வாரியாக அடுக்கி இருந்தது. கடைசியில் வெள்ளைச் சட்டைகளிடம் பேசியதும் இருந்தது.

"நிறுத்திடட்டுமா?" என்று அடுத்த வாரம் கேட்டாள்.

"நிறுத்தினா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?"

யோசித்தாள். "கண்டுபிடிச்சுட்டேன்னு தெரிஞ்சுடும்." பிறகு, "வேணாம், ஓடட்டும். இனிமே நான் சொல்றதைத்தானே அது சொல்லும்" என்றாள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் வந்த சிரிப்பைத் தையல் பிரிவுக்காரர்கள் பார்த்திருந்தால் அன்றைக்கு லீவு போட்டிருப்பார்கள்.

அதன் பிறகு அந்தப் போனில் லென்ஸ் அக்கா நல்ல பிள்ளையாகப் பேசினாள். காது பரவாயில்லை, அடுத்த மாதம் மகளுக்குப் புது ஷூ வாங்க வேண்டும். நிஜப் பேச்செல்லாம் மையத்தின் தொலைபேசியில் நடந்தது. வக்கீலம்மா பாதுகாப்பு உத்தரவுக்கான மனுவைத் தயார் செய்தார். மகளின் பள்ளிச் சான்றிதழ்கள் ஒவ்வொன்றாகப் பச்சைப்பையின் வழியாக மையத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. நாளை அவளே குறித்தாள்.

"பத்தாம் தேதி."

பச்சைப்பைக்காரி நிமிர்ந்தாள். "அன்னைக்கு அவர் இங்க வருவாரே."

"அதான். மாசத்துல மத்த எந்த நாள்லயும் அவர் எங்க இருப்பார்னு எனக்குத் தெரியாது. பத்தாம் தேதி காலையில மட்டும் தெரியும். மேல ஏறினா ரெண்டு மணி நேரம் இறங்க மாட்டார். நீங்க ஜன்னல்லேர்ந்து பாத்துட்டு எங்க செக்கிங் ரூமுக்கு ஒரு போன் போட்டாப் போதும்."

பத்தாம் தேதி காலை பத்தேகாலுக்கு மேசைத் தொலைபேசி மணியடித்தது. "பெட்டியோட வந்துட்டார். லிஃப்ட்டுக்கு மேல ஏறியாச்சு" என்றது குரல். அவள் கையில் இருந்த சட்டையை முழுவதும் பார்த்து முடித்து, அம்பு ஒட்டி, அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். வீட்டில் பத்து நிமிடம். இரண்டு பை. தன் போனை அவருடைய தலைமாட்டில், அவர் வழக்கமாகச் செருகும் சார்ஜரிலேயே செருகிவிட்டு வந்தாள். பள்ளிக்கூட வாசலில் மகள், "எங்கம்மா போறோம்?" என்றாள். "சொல்றேன், ஏறு" என்றாள். மையத்தின் வண்டி கதவைத் திறந்து வைத்திருந்தது. இருக்கைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறினாள்.

உத்தரவு ஆறாவது நாள் கிடைத்தது. வக்கீலம்மா பேசி வாங்கிய அக்காவின் வாக்குமூலமும் மனுவில் சேர்ந்தது: நான்கு வருடத்துக்கு முன்னால் என் தங்கை என்னிடம் இதைச் சொன்னாள் என்று. மூன்று மாதத்துக்குப் பிறகு எங்கே என்பதற்கும் அக்கா வக்கீலம்மாவிடம் ஒரே வரியில் பதில் சொல்லியிருந்தாள். தொலைபேசியில் இருவரும் பேசிக்கொண்டது கொஞ்சம்தான். நேரில் பார்க்கத் தைரியம் வர எட்டு நாள் ஆனது. தங்கும் இல்லத்துக்கு யாரையும் அழைக்கக்கூடாது என்பதால் ஆஸ்பத்திரி அறையில் சந்திக்க ஏற்பாடு. ஜன்னலோரம் இரண்டு நாற்காலி. லென்ஸ் அக்கா அரை மணி முன்னாலேயே போய் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். எதில் தொடங்கினாலும் அம்பு ஒட்ட வேண்டியதாக இருந்தது.

அக்கா வந்தாள். நரைத்திருந்தாள்.

"உனக்கு என்னைப் பிடிக்கலன்னு, போன் பண்ணித் தொல்லை பண்ண வேணாம்னு நீ சொன்னதா உன் வீட்டுக்காரர் சொன்னார்" என்றாள் அக்கா. "நானும் நம்பிட்டேன்."

"நானும்தான்."

அக்கா பையைத் திறந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். கிராம்புத் தைலம். "அன்னைக்கு நீ போன்ல சொன்னதுலேர்ந்து எனக்குச் சாப்பாடே இறங்கல. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. பல்லை இப்படி விட்டா தாடையே கெட்டுடும். நாளைக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வெச்சிருக்கேன். எங்க, வாயைத் திற."

ஊரெல்லாம் நூல் கட்டிப் பார்த்தவளுக்கு இது மட்டும் தோன்றவில்லை, அந்தப் பொய்யை ஒருத்தி அப்படியே நம்பி ஒரு மாதமாகச் சுமந்துகொண்டிருப்பாள் என்று. வலிக்கவில்லை, சும்மாதான் சொன்னேன், உன்னைச் சோதித்துப் பார்க்கச் சொன்னேன் என்று சொல்லிவிடத்தான் நினைத்தாள். அக்கா அதற்குள் அவள் முகவாயைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிவிட்டாள்.

அவள் வாயைத் திறந்தாள்.

அக்கா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு இடது பக்கம் பார்த்தாள். விரலால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டாள். "இங்க ஒண்ணும் இல்லையே" என்றாள். முகத்தைத் திருப்பி வலது பக்கம் பார்த்தாள். கடைசிக்கு முந்தின பல்லில் விரல் நின்றது. அதில் பாதிதான் இருந்தது.

"இது எப்போடி உடைஞ்சுது?"

லென்ஸ் அக்கா வாசல் கதவைப் பார்க்கவில்லை. யார் கேட்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை.

"உன்கிட்ட வந்துடலாமான்னு போன் பண்ணினேன்ல, அதுக்கு மறுநாள் சாயங்காலம். அவன் அடிச்சான்" என்றாள்.